மடக்கு சைக்கிளின் பிரேக்: ரிம்மிலிருந்து டிஸ்க்குக்கு

மடக்கு சைக்கிளில் பிரேக் பிடிக்கும் விசை, கைப்பிடியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் வழியில் ஒன்றோ இரண்டோ கீல்களைக் கடந்தாக வேண்டும். அதன் பிரேக்கின் வரலாறு சாதாரண சைக்கிளின் வரலாற்றிலிருந்து பிரிந்தது இந்த இடத்தில்தான். எந்த பிரேக் வலுவானது என்ற கேள்வி இங்கே எப்போதும் இரண்டாவதாகவே வந்திருக்கிறது. மடிய வேண்டும், மடித்த பின் எங்கும் துருத்தக் கூடாது, ரயிலிலும் மாடிப்படியிலும் இடிபட்டாலும் கோணக் கூடாது என்பவை முதலில் வந்தன. சிறிய சக்கரத்துக்கு இயல்பிலேயே நன்றாகப் பொருந்தக்கூடிய டிஸ்க் பிரேக், மலைச் சைக்கிளில் வேரூன்றி வெகுகாலம் கழித்தே மடக்கு சைக்கிளில் பரவியதற்குக் காரணமும் அதுதான்.

19ஆம் நூற்றாண்டின் உயரமான முன்சக்கர சைக்கிள்களில், கரண்டி போன்ற ஓர் இரும்புத் தகடு மேலிருந்து இறங்கி டயரையே அழுத்தும். டயர் கெட்டியான ரப்பராக இருந்தவரை இது போதுமானதாக இருந்தது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்ததும் நிலைமை மாறியது. மெல்லிய டயரைத் தகட்டால் தேய்ப்பது டயரின் ஆயுளை அரித்தது. எனவே உராய்வுக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. அமெரிக்காவும் ஜெர்மனியும் பெரும்பாலும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை நாடின. 1898இல் வந்த நியூ டிபார்ச்சர், 1903இல் வந்த டார்பிடோ ஆகிய ஹப்கள் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக்கைப் பரப்பின. இங்கிலாந்து, டயர் அமரும் வளையமான ரிம்மைத் தேர்ந்தெடுத்தது.

அந்த ஆங்கிலத் தேர்வின் மிக உறுதியான வடிவம் கம்பி பிரேக். இந்தியாவில் பல தலைமுறைகள் ஓட்டிய 28 அங்குலச் சக்கரக் கறுப்பு சைக்கிளில் இருந்தது இதுதான். 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் இணைந்து முருகப்பா குழுமம் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் ஆலையும் இந்த மரபின் வாரிசு. ஹேண்டில்பாரை ஒட்டிய நெம்புகோலை இழுத்தால், இரும்புக் கம்பிகளும் மூட்டுகளும் அந்த இழுப்பைக் கடத்தும். லாட வடிவப் பிடி ஒன்று பிரேக் கட்டைகளை, ஹப்பைப் பார்த்திருக்கும் ரிம்மின் உட்பக்கத்தில் அழுத்தும். சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் கோட்டமாக ஓடினாலும் கவலையில்லை. கம்பி அறுந்துபோகாது. துருப்பிடித்தாலும் எண்ணெய் விட்டால் மறுபடி வேலை செய்யும். கிராமத்துச் சாலைக்கு இதைவிட நம்பகமான பிரேக் அன்று இல்லை. ஆனால் அது ஒருபோதும் மடியாது. பின்பிரேக்கின் கம்பி சட்டத்தின் குழாயை ஒட்டியே ஓடுகிறது. குழாயை நடுவில் வெட்டிக் கீல் வைத்தால் கம்பியையும் வெட்ட வேண்டும்.

மடக்கு சைக்கிளுக்குக் கைபிரேக்கைச் சாத்தியமாக்கியது 1896இல் எர்னெஸ்ட் மானிங்டன் பவுடன் காப்புரிமை பெற்ற வளையும் கேபிள். முறுக்கிய எஃகுக் கம்பி உள்ளே. அழுத்தத்தைத் தாங்கும் சுருள் உறை வெளியே. உறை எப்படி வளைந்தாலும் உள்ளே இழுப்பு போய்ச் சேரும். கீல் இருக்கும் இடத்தில் கேபிளைக் கொஞ்சம் தளர்வாக, ஒரு வளைவாக விட்டுவிட்டால் சட்டம் மடியும்போது அது கூடவே வளைந்துகொள்ளும். இன்றைய மடக்கு சைக்கிள்களின் ஹேண்டில்பாருக்கு முன்னால் தொங்கும் பெரிய கேபிள் வளைவுகளுக்கு வேலை இதுதான். அதற்கு விலையும் உண்டு. கேபிள் நீள நீள, வளைவு கூடக் கூட, உறைக்குள் உராய்வு ஏறும். அதனால்தான் மடக்கு சைக்கிளில் பின்பிரேக் பெரும்பாலும் முன்பிரேக்கைவிட மந்தமாகப் பிடிப்பதாகக் கைக்குத் தெரிகிறது.

முதல் மடக்கு சைக்கிள்களை அதிகம் விரும்பியது ராணுவம். 1890களில் பிரெஞ்சுப் படை அதிகாரி ஆன்றி ஜெரார், தொழிலதிபர் சார்ல் மொரேலுடன் சேர்ந்து, சிப்பாய் முதுகில் சுமக்கக்கூடிய மடக்கு சைக்கிளை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பி.எஸ்.ஏ. நிறுவனம் பாராசூட் படையினருக்காகச் சட்டத்தை இரண்டாக மடித்துச் சிறகுத் திருகுகளால் இறுக்கும் சைக்கிளைப் பல்லாயிரக்கணக்கில் செய்தது. இவற்றின் சக்கரங்கள் வழக்கமான பெரிய சக்கரங்கள். ஆகவே பிரேக்கைப் பற்றிப் புதிதாக யோசிக்க வேண்டிய தேவை எழவில்லை. அந்தத் தேவை சக்கரம் சிறுத்தபோது வந்தது.

சக்கரத்தைச் சிறுக்க வைத்த பெருமை அலெக்ஸ் மௌல்டனுக்கு உரியது. மினி காரின் ரப்பர் சஸ்பென்ஷனை வடிவமைத்த பொறியாளர் அவர். 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது சைக்கிளை அடிப்படையிலிருந்து மறுபடி யோசிக்கத் தொடங்கி, 1962இல் 16 அங்குலச் சக்கரமும் உயர் அழுத்த டயரும் சஸ்பென்ஷனும் கொண்ட சைக்கிளை வெளியிட்டார். அது மடக்கு சைக்கிளாகப் பிறக்கவில்லை. ஆனாலும் சிறிய சக்கரம் பெரியவர்களுக்கும் உகந்ததே என்று நிரூபித்ததால், பின்னால் வந்த அத்தனை மடக்கு சைக்கிள்களுக்கும் அது வழி திறந்தது. போட்டிக்கு ராலே நிறுவனம் 1965இல் ஆர்.எஸ்.டபிள்யூ. 16ஐயும் 1968இல் 20 அங்குலச் சக்கரம் கொண்ட ட்வென்டியையும் கொண்டுவந்தது. ட்வென்டியில் மடக்கும் வகையும் வந்தது. இத்தாலியில் கார்னியெல்லி நிறுவனம் 1964இல் வெளியிட்ட கிராத்சியெல்லா, நடுவில் கீல் வைத்த சைக்கிளை நகரத்து இளைஞர்களின் விருப்பப் பொருளாக்கியது.

கிழக்கு ஐரோப்பாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் இதே வடிவம் வந்தபோது, பின்சக்கரத்தில் கோஸ்டர் பிரேக் இடம்பெற்றது. தள்ளிவிட முடியாத தீர்வு அது. பெடலும் செயினும் பின்சக்கரமும் கீலுக்குப் பின்னால், ஒரே பாதியில் இருக்கின்றன. எனவே பின்பிரேக்குக்காகக் கீலைக் கடக்க வேண்டிய கேபிளே இல்லை. குறை வேறிடத்தில் இருந்தது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் நிறுத்தும் வேலையின் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான் வருகிறது. பின்சக்கரத்தை மட்டும் பிடித்தால் டயர் சீக்கிரமே சறுக்கத் தொடங்கும். நிற்கும் தூரம் நீளும்.

1960களிலும் 70களிலும் வந்த ரிம் பிரேக் மடக்கு சைக்கிள்களுக்கு மழைதான் எதிரி. அவற்றின் ரிம்கள் குரோமியம் பூசிய எஃகு. பார்க்க மினுமினுப்பாக இருக்கும், துருப்பிடிக்காது, ஆனால் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்த சோதனைகளில், நனைந்த நிலையில் சாதாரண பிரேக் கட்டையின் உராய்வு, காய்ந்த நிலையில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது தெரியவந்தது. சிறிய சக்கரத்தின் ரிம் தரைக்கு மிக நெருக்கமாக ஓடுவதால் சாலை நீரும் சேறும் இன்னும் எளிதாக அதன்மேல் படியும். எஃகு ரிம்முக்காக முகப்பில் தோல் ஒட்டிய கட்டைகள் விற்கப்பட்டன. ரிம் பிரேக்கே மழையில் பயனற்றது என்ற கெட்ட பெயர் பெருமளவு இந்தக் காலத்தில் உண்டானது. எஃகின் குற்றத்தை ரிம் பிரேக் முழுவதன் மேலும் சுமத்துவது நியாயமல்ல. அலுமினிய ரிம் பரவியதும் நனைந்த பிரேக்கின் நிலை வெகுவாகத் தேறியது. முதல் ஓரிரு சுற்றுகளில் நீரை வழித்துத் தள்ள வேண்டியிருப்பதால் வரும் தாமதம் மட்டும் நீங்கவில்லை.

பிரிட்டனில் ஹாரி பிக்கர்டன் 1971இல் அலுமினியத்தால் செய்த இலகுவான மடக்கு சைக்கிளை வெளியிட்டார். அதைப் பார்த்து, இன்னும் நன்றாகச் செய்யலாம் என்று இறங்கிய ஆண்ட்ரூ ரிச்சி 1970களின் நடுவில் லண்டன் சவுத் கென்சிங்டனிலுள்ள தம் வீட்டில் மாதிரி சைக்கிள்களைச் செய்தார். ஜன்னலுக்கு எதிரே தெரிந்த பிராம்ப்டன் ஒரேட்டரி தேவாலயத்தின் பெயரையே தம் சைக்கிளுக்கு வைத்தார். முழு அளவிலான உற்பத்தி தொடங்க 1988 ஆகிவிட்டது. ரிச்சி மாதிரிகளைச் செய்துவந்த அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் லேசர் ஆய்வாளராக இருந்த டேவிட் ஹான், எண்ணெய் நெருக்கடி தூண்டிய சிந்தனையால் மடக்கு சைக்கிளில் இறங்கி, 1982இல் தஹோன் நிறுவனத்தைத் தொடங்கினார்.

பிரேக் தேர்வில் இந்த இரண்டு மரபுகளும் பிரிந்தன. பிராம்ப்டன் பின்சக்கரத்தைச் சட்டத்துக்கு அடியில் சுழற்றி, முன்சக்கரத்தை அதன் பக்கத்தில் ஒட்டவைத்து, ஹேண்டில்பாரை மேலே சாய்த்துவிடுகிறது. மடித்த அளவு 58.5 × 56.5 × 27 செ.மீ. அந்த 27 செ.மீ. கனத்துக்காக அதன் ஹப்கள் குறுக்கப்பட்டன. சாதாரண சைக்கிளின் முன் ஹப் 100 மி.மீ. அகலம் என்றால் இதில் 74 மி.மீ. மட்டுமே. ஆரக்கால்கள் இணையும் விளிம்புகள் போக, அங்கே ஒரு டிஸ்க் தட்டுக்கும் அதைக் கவ்வும் காலிப்பருக்கும் இடம் மிஞ்சவே இல்லை. சக்கரத்தின் தலைக்கு மேல் அமரும் சிறிய ரிம் காலிப்பர் அந்தக் கனத்தைக் கூட்டுவதில்லை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரட்டை அச்சு காலிப்பர்கள் வந்ததும் பிராம்ப்டனின் பிரேக், முந்தைய ஒற்றை அச்சு வகையைவிடத் தெளிவாக வலுப்பெற்றது. தஹோன் வழியில் வந்த 20 அங்குலச் சைக்கிள்கள் நடுவில் பாதியாக மடிபவை. அவற்றில் அகலம் கொஞ்சம் தாராளம். ஷிமானோ 1996இல் சந்தைப்படுத்திய வி-பிரேக்கை அவை உடனே எடுத்துக்கொண்டன. நீண்ட இரு கைகளை ஒரே கேபிள் குறுக்காக இழுக்கும் அந்த அமைப்பு, மலிவானது, தெருமுனைச் சைக்கிள் கடையிலும் சரிசெய்யக்கூடியது, அகலமான டயருக்கும் இடம் கொடுப்பது. சாதாரண மடக்கு சைக்கிள்களில் இன்றுவரை அதிகம் காணப்படுவதும் அதுவே.

ரிம்மா டிஸ்க்கா என்ற வாதத்தில் சக்கரத்தின் அளவு செய்யும் வேலையைப் பலரும் கவனிப்பதில்லை. பிரேக் எங்கே பிடித்தாலும், சைக்கிளை நிறுத்துவது டயர் தரையைத் தொடும் இடத்தில் எழும் விசை. டிஸ்க் தட்டு 160 மி.மீ. என்றால், கட்டைகள் பிடிக்கும் வட்டத்தின் விட்டம் சுமார் 150 மி.மீ. முழு அளவு சாலைச் சைக்கிளின் சக்கரம் டயரோடு சேர்த்து ஏறத்தாழ 680 மி.மீ.; பிராம்ப்டன் பயன்படுத்தும் 349 மி.மீ. அளவு ரிம்மில் சக்கரம் ஏறத்தாழ 420 மி.மீ. அதே தட்டு, அதே கைவிசை. சிறிய சக்கரத்தில் தரையில் கிடைக்கும் நிறுத்து விசை ஏறக்குறைய 1.6 மடங்கு. ஆகவே சிறிய சக்கரத்துக்கு 140 மி.மீ. தட்டே தாராளம். ரிம் பிரேக்குக்கு இந்த லாபம் இல்லை. டயரின் உயரம் சக்கரத்தின் அளவில் பெரும்பங்கு எடுத்துக்கொள்வதால் சிறிய சக்கரத்தில் அதற்குச் சிறு இழப்பே ஏற்படுகிறது.

தேய்மானத்தில் வித்தியாசம் இன்னும் கூர்மை. ஒரே எடையை ஒரே வேகத்திலிருந்து நிறுத்த ஒரே அளவு ஆற்றலைத்தான் உராய்வு விழுங்க வேண்டும். முழு அளவு சைக்கிளின் 622 மி.மீ. ரிம்மில் அது பரவும் வளையத்தின் நீளத்தைவிட 349 ரிம்மில் நீளம் பாதியைக் கொஞ்சமே தாண்டும். அதனால் அலுமினியச் சுவர் தேயும் ஆழம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. மழை நாட்களில் கட்டையில் ஒட்டிக்கொள்ளும் மணல் துகள்கள் இதை மேலும் விரைவாக்கும். ரிம்மின் சுவர் குழிந்து மெலிந்தால், டயரின் காற்றழுத்தம் ஒருநாள் அதைப் பிளந்துவிடும். ஆகவே பல ரிம்களில் தேய்மானக் கோடு ஒன்று பள்ளமாக வெட்டப்பட்டிருக்கும். அது மறைந்தால் ரிம்மை மாற்ற வேண்டும். நீண்ட இறக்கத்தில் சூடும் அப்படியே. 90 கிலோ மொத்த எடை 100 மீட்டர் உயரம் இறங்கும்போது கிட்டத்தட்ட 88 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. அதன் பெரும்பகுதியைச் சிறிய ரிம் தாங்கிக்கொள்ளும்போது, டயரும் டியூபும் அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மலைச் சாலையில் ரிம் பிரேக் மடக்கு சைக்கிளை ஓட்டுபவர் இடையிடையே நின்று ரிம்மை ஆறவிடுவது நல்லது.

உலர்ந்த சமதளத்தில் நிலைமை வேறு. மனிதர் அமர்ந்திருக்கும் உயரமும் இரு சக்கரங்களின் இடைத்தூரமும் ஓர் எல்லையை வகுக்கின்றன. வேகக்குறைவு புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியைச் சற்றே தாண்டியதும் பின்சக்கரம் எழத் தொடங்கும். சக்கரம் சிறியதாக இருப்பதால் மடக்கு சைக்கிள் எளிதில் கவிழும் என்ற நம்பிக்கை தவறானது. அதன் சக்கர இடைத்தூரமும் சாதாரண சைக்கிளைப் போலவே சுமார் ஒரு மீட்டர்தான். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அந்த எல்லைக்கு அருகே பிடித்தால் மூன்று மீட்டரை ஒட்டிய தூரத்தில் நின்றுவிடலாம். நன்றாகச் சரிசெய்த ரிம் பிரேக்கே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. டிஸ்க் அதைத் தாண்டி நிறுத்த முடியாது. அதன் மேன்மை மழையிலும் சேற்றிலும் இறக்கத்திலும், விரலின் சிறு அழுத்தத்துக்குச் சீராகப் பதிலளிப்பதிலும் உள்ளது.

டிஸ்க் பிரேக் புதிய யோசனை அல்ல. பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் காருக்காக அதற்கு 1902இலேயே காப்புரிமை பெற்றார். 1953இல் லே மான் பந்தயத்தை டிஸ்க் பிரேக்குடன் ஜாகுவார் வென்றது. 1969இல் ஹோண்டா சி.பி. 750 அதைத் தொடர் உற்பத்தி மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. சைக்கிளுக்கென ஷிமானோ 1970களின் தொடக்கத்தில் செய்து பார்த்தது. அப்போது அது நிலைக்கவில்லை. 1990களில் மலைச் சைக்கிள் சேற்றிலும் செங்குத்து இறக்கத்திலும் ஓடத் தொடங்கியபோதுதான் இங்கிலாந்தின் ஹோப், அமெரிக்காவின் ஹேய்ஸ் போன்ற நிறுவனங்களின், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க்குகள் காலூன்றின. சாலைப் பந்தயத்தில் சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யு.சி.ஐ. 2015இல் சோதனைக்கு விட்டு, 2016இல் ஒரு விபத்துக்குப் பின் நிறுத்திவைத்து, 2018 ஜூலையில் முழுமையாக அனுமதித்தது.

மடக்கு சைக்கிளில் தடைகள் வேறு. ரிம் பிரேக் உள்ள முன்சக்கரத்தில் ஹப் வெறுமனே சுழல்கிறது. ஆரக்கால்களை நேராக ஆரம்போல் கோத்தாலும் போதும். டிஸ்க் வந்தால் நிறுத்தும் முறுக்குவிசை ஹப்பிலிருந்து ஆரக்கால்கள் வழியாக ரிம்முக்குப் போக வேண்டும்; எனவே அவற்றைக் குறுக்கே பின்ன வேண்டும். சிறிய சக்கரத்தின் குட்டை ஆரக்கால்கள் ரிம்முக்குள் சாய்வாக நுழைந்து வளைவதால் பின்னலுக்கு இடம் குறைவு. காலிப்பர் ஃபோர்க்கின் ஒரு காலில் அடிப்பக்கம் அமர்வதால் அந்தக் கால் தடிமனாக வேண்டும், எடை கூடும். தட்டின் கனம் பொதுவாக 1.8 மி.மீ.தான், கட்டைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மயிரிழை. மடித்த சைக்கிள் பேருந்தின் பெட்டி அறையில் ஒரு பையோடு உரசிக் கோணிவிட்டால், பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கீச்சிடும். ஹைட்ராலிக் குழாய் கீலருகே திரும்பத் திரும்ப மடிந்து விரியவும் வேண்டும். எண்ணெயில் காற்று கொஞ்சம் கலந்திருந்தால், மடித்துக் கவிழ்த்து வைத்த பின் கைப்பிடி மெத்தென்று உள்ளே போகும்.

இத்தனை தடைகளையும் முதலில் சுற்றிப் போனது ஸ்ட்ரைடா. மார்க் சாண்டர்ஸ் மாணவராக வடிவமைத்து 1987இல் சந்தைக்கு வந்த அந்த முக்கோண சைக்கிளில் இரு சக்கரங்களும் ஒரு பக்கம் மட்டுமே தாங்கப்படுகின்றன. ரிம்மின் இருபுறமும் கவ்வும் அமைப்பை அது தொடக்கத்திலிருந்தே தவிர்த்தது. முதலில் டிரம் பிரேக், பிந்தைய மாதிரிகளில் டிஸ்க். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் மார்க்குஸ் ரீஸாவும் ஹைகோ முல்லரும் உருவாக்கி 1995இல் வெளிவந்த பேர்டி மடக்கு சைக்கிள், ரிம் பிரேக்கில் தொடங்கி டிஸ்க் வகைகளுக்கும் இடம் கொடுத்தது.

திருப்பத்தைக் கொண்டுவந்தது மின் மோட்டார். டேவிட் ஹானின் மகன் ஜோஷ் ஹானும் அவருடைய தாய் ஃப்ளோரன்ஸ் ஷென்னும் 2011இல் தொடங்கிய டெர்ன் நிறுவனம், 2010களின் பிற்பகுதியில் வெக்ட்ரான் என்ற மின் மடக்கு சைக்கிளை ஹைட்ராலிக் டிஸ்க்குடன் கொண்டுவந்தது. பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து எடை ஏறிய சைக்கிள், எந்த வானிலையிலும் தினசரி மணிக்கு 25 கி.மீ. வேகத்தை எளிதில் தொடும்போது, கூடுதல் நிறுத்து வலிமை தேவையாயிற்று. கனமான சைக்கிளை யாரும் கையில் நெடுநேரம் தூக்குவதில்லை. சில சென்டிமீட்டர் அகலம் கூடுவது அங்கே குற்றமாகவில்லை. பிராம்ப்டன் மட்டும் 2018இல் வாடிக்கையாளர் கைக்கு வந்த தன் மின் சைக்கிளிலும் ரிம் பிரேக்கையே வைத்திருந்தது, 2022இல் வெளிவந்த 7.45 கிலோ டைட்டானியம் சைக்கிளிலும் அதையே வைத்தது. 2024 செப்டம்பரில் 20 அங்குலச் சக்கரமும் அகன்ற டயரும் கொண்ட ஜி லைன் வந்தபோதுதான் அந்த நிறுவனத்தின் சைக்கிளில் முதன்முதலாக ஹைட்ராலிக் டிஸ்க் ஏறியது. டிஸ்க்கை ஏற்க, சக்கரத்தையும் சட்டத்தையும் ஹப்பையும் புதிதாக வரைய வேண்டியிருந்தது. 16 அங்குலச் சைக்கிள் ரிம் பிரேக்கோடே தொடர்கிறது.

பொதுப் போக்குவரத்தின் அளவு விதிகளும் இந்தத் தேர்வில் மறைமுகமாகப் பங்கெடுக்கின்றன. சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையம் பெருவிரைவு ரயிலிலும் பேருந்திலும் மடித்த நிலையில் 120 × 70 × 40 செ.மீ.க்குள் அடங்கும் சைக்கிளை அனுமதிக்கிறது. 40 செ.மீ. என்ற கனம், பாதியாக மடியும் 20 அங்குல டிஸ்க் சைக்கிளுக்கும் இடம் கொடுக்கும் அளவு. அந்நாட்டில் 2021 செப்டம்பர் 1 முதல் ஒவ்வொரு சைக்கிளிலும் குறைந்தது ஒரு கைபிரேக்காவது வேலை செய்ய வேண்டும். ரிம்மா டிஸ்க்கா என்று சட்டம் கேட்பதில்லை. சைக்கிளுக்கான ஐ.எஸ்.ஓ. 4210 பன்னாட்டுத் தரமும் அப்படியே. உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் பிரேக்கைச் சோதிக்கச் சொல்கிறது.

பராமரிப்பில் இரண்டு வகைகளும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. ரிம் பிரேக்கில் கட்டையும் கேபிளும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஒரு ஆலன் சாவியும் ஸ்பேனரும் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் ரிம் தேய்ந்துவிட்டால் ஆரக்கால் ஒவ்வொன்றையும் கழற்றிச் சக்கரத்தைத் திரும்பக் கோக்க வேண்டும். 349 அளவு ரிம் எல்லாக் கடையிலும் இருக்காது. டிஸ்க்கில் கட்டைகள் மாதிரிக்கு மாதிரி வடிவம் மாறும், ஹைட்ராலிக் எண்ணெய் மாற்றப் பழகிய கை வேண்டும். ஆனால் கட்டைகள் போகத் தேய்வது தட்டு மட்டுமே. பல தட்டுகள் ஆறு திருகுகளில் நிற்பவை. அவற்றைக் கழற்றிப் புதிய தட்டைப் பொருத்தினால் அதே சக்கரம் தொடர்ந்து ஓடும்.